காவடிக்கு விரதம் உண்டு, கயிலாயத்துக்கு இல்லையா?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. படிச்சிட்டு எங்க மேல கோபம் வந்தாலும் பரவாயில்லை, கடைசி வரைக்கும் படிச்சிட்டுக் கோபப்படுங்க.

ஆலயத்துக்கு ஆலயம் கயிலாய யாத்திரை அறிவிப்பு மறுபடியும் தொடங்கியாச்சு. வாட்ஸ்அப் குழுக்களில் வண்ண வண்ணமாய்ப் போஸ்டர்கள். அதிலும் 2026 திபெத்திய நாட்காட்டிப்படி குதிரை வருஷம். அந்த வருஷத்தில் ஒரு முறை சுற்றினால் 13 முறை சுற்றிய பலன் என்பது திபெத்திய பௌத்தர்களின் நம்பிக்கை. அதையும் நம்ம ஆட்கள் போஸ்டரில் போட்டாச்சு. "இடம் குறைவு, முந்துங்கள்" என்கிறார்கள். "சிவன் அழைக்கிறார்" என்கிறார்கள். விலை இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் இருக்கிறது, தலைவரின் படம் இருக்கிறது. எத்தனை மீட்டர் உயரத்தில் எத்தனை இரவு தங்கப் போகிறோம் என்று ஒரு வரி இருக்கிறதா, தேடிப் பாருங்கள்.

நாங்கள் ஆலயத் தொண்டர்கள். அன்னதானக் கூடத்தில் காய் நறுக்குகிறவர்கள், தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறவர்கள். எங்களில் சிலர் கயிலாயம் சுற்றி வந்தவர்கள், சிலர் பாதியில் திரும்பியவர்கள். யாத்திரைக்கு நாங்கள் எதிரி இல்லை. தயாரிப்பே இல்லாமல் நம் பெரியவர்களைப் பேருந்தில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடும் வழக்கத்துக்குத்தான் எதிரி.

ஒரு கேள்வியில் ஆரம்பிப்போம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர் என்ன செய்கிறார்? மண்டலம் என்று 48 நாள் விரதம் இருக்கிறவர்கள் உண்டு. மரக்கறி உணவு, தரையில் படுக்கை, மனக் கட்டுப்பாடு. குருசாமி பார்த்து, "நீ தயார்" என்று சொன்னபிறகுதான் அலகு. "முருகன் பார்த்துக்குவான்" என்று முந்தின நாள் ராத்திரி வரை கண்டதையும் தின்றுவிட்டு வந்து நின்றால் எந்தக் குருசாமியும் ஊசியைத் தொடமாட்டார். பத்துமலையில் 272 படி ஏறுவதற்கே நமக்கு இந்த ஒழுங்கு இருக்கிறது. 5,630 மீட்டர் உயரமுள்ள டோல்மா கணவாயைக் கடக்கிறவருக்கு மட்டும் பணம் கட்டினால் போதுமா?

உயரக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். கோலாலம்பூர், சிங்கப்பூர், பினாங்கு எல்லாம் ஏறத்தாழ கடல் மட்டத்தில் இருக்கும் ஊர்கள். கெந்திங் மலை உச்சியே 1,800 மீட்டர்தான். சபாவில் உள்ள கினபாலு மலை 4,095 மீட்டர். மானசரோவர் ஏரிக்கரை ஏறத்தாழ 4,600 மீட்டர். அதாவது நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரத்தைவிட உயரமான இடத்தில்தான் நம் அம்மாக்கள் படுத்துத் தூங்கப் போகிறார்கள். சுற்றுப்பாதை தொடங்கும் தார்ச்சென் ஊரும் ஏறத்தாழ அதே உயரம். அங்கிருந்து மூன்று நாளில் 52 கிலோமீட்டர். முதல் நாள் எமதுவாரம் தாண்டித் திராபுக். இரண்டாம் நாள் திராபுக்கிலிருந்து டோல்மா கணவாய் ஏறி, கௌரி குண்டத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கி, சுதுல்புக் போய்ச் சேர ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கணவாயின் உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதி. பக்தி எவ்வளவு இருந்தாலும் அங்கே காற்று கூடாது.

உடம்பு இந்தக் குறைந்த காற்றுக்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிமையானது: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று இரவு தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும்.

இப்போது நம் ஏஜெண்டுகள் விற்கும் பயணத்தைப் பாருங்கள். காட்மாண்டு 1,400 மீட்டர். அங்கிருந்து தரைவழியில் கேருங் 2,800 மீட்டர். கேருங்கிலிருந்து ஒரே நாளில் சாகா, ஏறத்தாழ 4,500 மீட்டர். 500 என்கிற இடத்தில் 1,700 மீட்டர் தாவல்! ஹெலிகாப்டர் பயணம் இன்னும் மோசம். நேபாள்கஞ்ச் சமவெளியில் 150 மீட்டர். அங்கிருந்து சிறு விமானத்தில் சிமிகோட், ஏறத்தாழ 3,000. ஹெலிகாப்டரில் ஹில்சா, 3,600க்கு மேல். எல்லை தாண்டித் தக்லாகோட், பிறகு ஏரி. "கஷ்டமே இல்லாத சொகுசு யாத்திரை, வயசானவங்களுக்கு ரொம்ப வசதி" என்று இதைத்தான் விற்கிறார்கள். காலுக்கு வசதிதான். நுரையீரலுக்கும் மூளைக்கும் இதுதான் ஆக மோசமான வழி.

குதிரையில் ஏறிப் போனால் பிரச்சினை இல்லை என்பார்கள். உயர நோய் நடப்பதால் மட்டும் வருவதில்லை, குதிரை மேல் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் வரும். அதோடு கணவாயின் மறுபக்க இறக்கத்தில் குதிரையை விட்டு இறங்கிக் கல்லிலும் பாறையிலும் நடந்தே ஆகணும். கையில் ஆக்சிஜன் டின் இருக்கே என்பார்கள். அந்தச் சின்ன டின் சில நிமிடத்தில் தீர்ந்து போகும். "எங்க பையன் ஜிம்முக்குப் போறான், அவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள். உடல் வலுவுக்கும் உயர நோய்க்கும் சம்பந்தமே இல்லை. இளவட்டங்கள் வேகமாக ஏறுவதால் சில சமயம் அவர்களே முதலில் விழுகிறார்கள்.

இதைவிட எங்களுக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. அது மலையில் இல்லை, நம் ஆலய மண்டபத்தில் இருக்கிறது.

யாத்திரை முடிந்து வந்ததும் என்ன செய்கிறோம்? வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு மேடை போட்டு, பரிக்கிரமா முடித்தவர்களுக்கு மாலை, பொன்னாடை. பேர் சொல்லி மைக்கில் அழைப்பு. டோல்மா கணவாயில் எடுத்த படம் பெரிய பேனரில். சரி, பாதியில் திரும்பியவர்கள்? அவர்கள் பின் வரிசையில். "பாவம், அவங்களுக்குக் கொடுப்பினை இல்லை" என்று ஒரு வார்த்தை. "போன ஜென்மத்துக் கர்மா" என்று இன்னொரு வார்த்தை.

இந்த வார்த்தைகள்தான் அங்கே மேலே ஆளைக் கொல்லும். எப்படி என்று கேளுங்கள். திராபுக்கில் ராத்திரி தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது. வாந்தி வருகிறது. சாப்பாடு இறங்கவில்லை. அந்த அம்மா யாரிடமாவது சொல்வார்களா? சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டியாச்சு. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் காலில் விழுந்து கும்பிட்டார்கள். திரும்பிப் போனால் கொடுப்பினை இல்லாதவள் என்று பேர். அதனால் இரண்டு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். காலையில் எழுந்து மேலே நடப்பார். நம்முடைய பொன்னாடை அவரை அந்த இடத்திலிருந்து மேலே தள்ளுகிறது.

தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை. இது முதல் கட்டம். இந்தக் கட்டத்தில் அதே உயரத்தில் ஓய்வு எடுத்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். இதை மறைத்து மேலே ஏறினால் மூளை வீங்கலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம். தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொன்னால் முடியாமை, இவை மூளை வீக்கத்தின் அடையாளம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், விடாத இருமல், நீலம் பாய்ந்த உதடு, நுரையோடு சளி, இவை நுரையீரலின் அடையாளம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் முதலில்: உடனே கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

அங்கே இறக்குவதும் லேசு இல்லை. திபெத் ஒரு மேட்டுநிலம். திராபுக்கிலிருந்து தார்ச்சென்னுக்கு இறக்கினாலும் 4,600 மீட்டர்தான். உண்மையாகவே கீழே போக வேண்டுமானால் வாகனம் பிடித்து நெடுந்தூரம் ஓட வேண்டும். நேபாளத்து ஹெலிகாப்டர் எல்லை தாண்டி வந்து தூக்கிக்கொண்டு போகும் என்று கனவு காண வேண்டாம். எவரெஸ்ட் பக்கம் நடக்கிற கதை அங்கே நடக்காது.

"கயிலாயத்தில் உயிர் போனால் மோட்சம்தானே, அதுக்கு ஏன் பயப்படணும்?" என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மரியாதையோடு ஒன்று சொல்கிறோம், ஐயா. தன் உயிரைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னால் அது அவர் பக்தி. மற்றவர் அம்மாவின் உயிரைப் பற்றிக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னால் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. இங்கே விமான நிலையத்தில் வந்து நிற்கப் போவது அவர் பிள்ளைகள். விழுந்தவரைத் தூக்கிச் சுமக்கப் போவது கூலிக்கு வரும் திபெத்தியத் தொழிலாளி. ஒருவர் விழுந்தால் அந்தக் குழுவில் உள்ள எல்லோருடைய யாத்திரையும் நிற்கிறது.

அப்பர் பெருமானை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து போனாரே, அதுவல்லவா பக்தி என்பார்கள். பெரியபுராணத்தை முழுக்கப் படியுங்கள் என்று நாங்கள் பணிவோடு கேட்கிறோம். அங்கே முனிவராக வந்து "திரும்பிப் போ" என்று சொன்னவர் யார்? சிவபெருமானே. அப்பர் மறுத்தார், உண்மைதான். ஆனாலும் இறைவன் அவரை மலைமேல் ஏற்றவில்லை. பொய்கையில் மூழ்கச் சொன்னார், திருவையாற்றில் எழவைத்தார், கயிலைக் காட்சியை அங்கே கொடுத்தார். இன்றைக்கும் ஆடி அமாவாசைக்குத் திருவையாற்றில் அதைத்தானே கொண்டாடுகிறோம்? திருப்பி அனுப்பப்பட்டவர் கொடுப்பினை இல்லாதவர் என்றால் நாவுக்கரசரை என்ன என்று சொல்வீர்கள்? இன்னொன்றும் கவனியுங்கள். அவர் போனது தனி ஆளாக. நாற்பது பேரிடம் பணம் வாங்கிக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்க்கலாம். இந்திய அரசாங்கத்தின் வெளியுறவு அமைச்சு நடத்தும் கயிலாய யாத்திரை இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான், நாம் அதில் போக முடியாது. ஆனால் அதன் விதிகளைப் பாருங்கள். வயது 18 முதல் 70 வரை. உடல் எடைக் குறியீடு 25க்கு மேல் போகக்கூடாது. டெல்லியில் மருத்துவப் பரிசோதனை. லிபுலேக் வழியில் போகிறவர்களுக்குக் குஞ்சியில் மறுபடியும் பரிசோதனை. தேறவில்லை என்றால் அங்கிருந்தே திருப்பி அனுப்புவார்கள், யார் சிபாரிசும் எடுபடாது. நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களைப் பாருங்கள். ஹஜ்ஜுக்குப் போகும் முன் தாபோங் ஹாஜி நடத்தும் வகுப்புகளுக்குப் போகிறார்கள். உடல்நலப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். என்ன எடுத்துப் போவது, எங்கே என்ன செய்வது எல்லாம் பாடம். பயபக்தி அவர்களுக்குக் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? நம் பக்கம் யாத்திரைக் கூட்டம் என்றால் ஒரு மணி நேரச் சொற்பொழிவு, ஒரு வீடியோ, கடைசியில் கேசரியும் தேநீரும்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஆட்கள் இல்லை நாங்கள். ஆலய நிர்வாகங்களிடம் ஐந்து கோரிக்கை வைக்கிறோம்.

1. பயணத் திட்டத்தில் ஒவ்வோர் இரவும் தூங்கும் இடத்தின் உயரத்தை எழுதுங்கள். ஏஜெண்டு தர மறுத்தால் அந்த ஏஜெண்டு வேண்டாம். லாசா வழியாகப் போனால் 3,650 மீட்டரில் மூன்று இரவு, பிறகு ஷிகாட்சே 3,840, லாட்சே ஏறத்தாழ 4,000, அப்புறம் சாகா என்று படிப்படியாக ஏறலாம். கேருங் வழிதான் என்றால் கேருங்கில் கூடுதல் இரவுகளும், சாகா போனபிறகு அங்கேயே ஓய்வு நாளும் கேளுங்கள். நாளும் செலவும் கூடும். கூடட்டும். பணம் போதாதவர்கள் இன்னும் ஓராண்டு சேர்த்துவிட்டுப் போகலாம், மலை எங்கேயும் ஓடிவிடாது.

2. ஆறு மாதத் தயாரிப்பை விரதமாக வையுங்கள். வாரத்தில் ஐந்து நாள் நடை. வார இறுதியில் முதுகுப் பையில் ஐந்து கிலோ வைத்துப் படி ஏறுங்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பத்துமலை, பினாங்குக்காரர்களுக்குத் தண்ணீர்மலை, சிங்கப்பூர்க்காரர்களுக்கு அடுக்குமாடி வீட்டுப் படிகளும் புக்கிட் தீமாவும். புதுச் சப்பாத்தை அங்கே போய்ப் பிரிக்காதீர்கள், இங்கேயே மூன்று மாதம் போட்டுப் பழகுங்கள். இதெல்லாம் காலுக்கும் இதயத்துக்கும் வலு தரும். உயரத்தைப் பழக்காது, அதற்கு முதல் கோரிக்கைதான் வழி.

3. மருத்துவர் கடிதம் இல்லாமல் பேர் பதிய வேண்டாம். நம் சமூகத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு. இதய நோய், ஆஸ்துமா, ரத்தசோகை எதையும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். இன்சுலின் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும், உடம்போடு ஒட்டிய உள் பையில் வைக்க வேண்டும். டயமாக்ஸ் மாத்திரை பழகுவதை விரைவுபடுத்த உதவும், ஆனால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று விழுங்காதீர்கள். தூக்க மாத்திரை மேலே வேண்டவே வேண்டாம், அது மூச்சைக் குறைக்கும். பரிக்கிரமா நாட்களில் உபவாசமும் வேண்டாம். அந்த மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடிப்பதுதான் விரதம்.

4. காப்புறுதிப் பத்திரத்தைப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பல ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. 5,700 மீட்டர் வரை செல்லுமா, ஆளை வெளியேற்றும் செலவு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பயணத்தின் கடைசியில் மூன்று நாளாவது இடைவெளி விடுங்கள். 2018 ஜூலையில் மோசமான வானிலையால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் சிமிகோட், ஹில்சா பக்கம் மாட்டிக்கொண்டார்கள். 2025 ஜூலையில் ரசுவாகடியில் வெள்ளம் வந்து நேபாள-சீன எல்லைப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. "திங்கட்கிழமை வேலைக்குப் போகணும்" என்று அவசரப்படுகிறவர் அங்கே தப்பான முடிவைத்தான் எடுப்பார்.

5. "திரும்பு" என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு இருக்க வேண்டும். அவர் ஆலயத் தலைவராகவும் இருக்கக்கூடாது, ஏஜெண்டின் ஆளாகவும் இருக்கக்கூடாது. மருத்துவர் அல்லது தாதி கிடைத்தால் நல்லது. புறப்படும் முன்பே எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்: அவர் சொன்னால் கேள்வி கேட்காமல் திரும்புவோம் என்று. ஒவ்வொரு மாலையும் ஒவ்வொருவரையும் பார்த்து, தலைவலி உண்டா, சாப்பிட்டீர்களா, நேராக நடக்க முடிகிறதா என்று கேட்க வேண்டும். கோவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் கருவி வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ஆளையும் பாருங்கள்.

இந்த ஐந்தாவது கோரிக்கைக்குத்தான் நிர்வாகங்கள் முகம் சுளிக்கும், தெரியும். தலைவருக்கு மேலே ஒருவரா என்பார்கள். கொடியேற்றத்தன்று குருக்கள் சொல்வதைத் தலைவர் கேட்கவில்லையா? அதுபோல நினைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டப்போகும் பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. அக்கா, அண்ணே, நீங்கள் கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். முன்பணம் கட்டும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள். "நம்பிக்கை இல்லாதவங்க கேட்கிற கேள்வி" என்று யாராவது மடக்கினால் அந்த இடத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். அப்பா அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கயிலாய டிக்கெட் வாங்கிக் கொடுப்பது நல்ல மனசுதான். டிக்கெட்டுக்கு முன்னால் ஆறு மாதம் அவர்களோடு சேர்ந்து காலையில் நடங்கள். உங்களுக்கும் நல்லது.

எங்கள் பங்குக்கு நாங்கள் முடிவு செய்தது இது. எங்கள் ஆலயத்தில் அடுத்த யாத்திரைக் குழு திரும்பி வரும்போது, சுற்றி முடித்தவருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை திராபுக்கில் திரும்பியவருக்கும், தார்ச்சென்னிலேயே இருந்து மலையைக் கும்பிட்டவருக்கும் உண்டு. ஒரே வரிசை, ஒரே விபூதிப் பிரசாதம். பொன்னாடை யாருக்கும் கிடையாது. மைக்கில் யார் எதுவரை போனார் என்று அறிவிக்கவும் விடமாட்டோம். நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அன்றைக்கு நாங்கள் மேடைக்கு நாற்காலி போடமாட்டோம். நாற்காலி போடுகிற ஆட்கள் நாங்கள்தான் என்பது அவர்களுக்கும் தெரியும்.

உங்கள் ஆலயத்திலும் இதைப் பேசுங்கள். யாத்திரைக்குப் பேர் கொடுத்திருக்கும் யாரையாவது தெரிந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். கருத்து வேறுபாடு இருந்தால் கீழே எழுதுங்கள், மரியாதையோடு பேசலாம்.

தென்னாடுடைய சிவன் எல்லோரையும் பத்திரமாகக் கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நம் பங்குக்குச் செய்ய வேண்டியதை நாம் செய்வோம்.

சிவாய நம. திருச்சிற்றம்பலம்.